தலைக்குக் குளித்த ஞாயிறுகள்

சீட் பெல்ட்டின் விளிம்பு உரசிக் கழுத்து எரிந்துகொண்டிருந்தது. ரெக்சிலின் அதைத் தளர்த்திக்கொள்ளவில்லை. எரியட்டும் என்று விட்டிருந்தாள். பக்கத்தில் மரிட் வண்டி ஓட்டினாள், முதுகை நிமிர்த்தி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போன ஆகஸ்டில் ரயில் நிலையத்திலிருந்து இவளை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிப்போனபோது எப்படி ஓட்டினாளோ அப்படியே. நடுவில் ஒன்றும் நடக்காதது போல. இன்று காலையில் ஒன்றும் நடக்காதது போல. மத்தியானம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மேசையில் வைத்தாள், இவள் தொடவில்லை என்றதும் எடுத்து உள்ளே வைத்தாள், நேரமாகிவிட்டது கிளம்பு என்றாள், அவ்வளவுதான். நெதர்லாந்தின் வடக்கு மூலையில், மனிதர்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கிற ஒரு ஊரில், தூத்துக்குடியிலிருந்து ஒரு வருஷம் படிக்க வந்த பெண்ணைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டவள் மரிட். மாணவர் பரிமாற்ற அமைப்பின் பாஷையில் ஹோஸ்ட் அம்மா. அம்மா என்கிற சொல்லை எவ்வளவு சுலபமாக எடுத்து எதிலும் ஒட்டிவிடுகிறார்கள், பாட்டிலில் லேபிள் ஒட்டுகிற மாதிரி. அந்த அமைப்பின் நிறைவு விழாவுக்குத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறார்கள், கடலைத் தடுத்துக் கட்டின நீளமான அணையைத் தாண்டி, அந்தப் பக்கத்து நகரத்துக்கு. அங்கே ரெக்சிலின் மேடையேறி இந்த வருஷம் தன்னை எப்படி வளர்த்தது என்று டச்சு மொழியில் பேச வேண்டும். பிரேசில், ஜப்பான், துருக்கி என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள் இருக்க, யோஸ்ட் இவளைத்தான் பேசச் சொன்னார். யோஸ்ட் அமைப்பின் இந்த வட்டாரப் பொறுப்பாளர், எப்போதும் ஒரே பச்சை ஸ்வெட்டர் போடுகிறவர். எல்லாரையும்விட அதிகம் வளர்ந்தவள் நீதான் என்றார். அப்படிச் சொன்னபோது அவருக்கும் தெரிந்திருந்தது. கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஜெசிந்தா அத்தை அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டாள். அத்தை எப்போதும் போல மூச்சுவிடாமல் பேசினாள். "ரெக்சி மக்கா, வாற வாரம் வந்துருவியாமே, சந்தோசம். ஒங்கம்மாவும் இப்ப நல்லாத் தேறிட்டா, முடியெல்லாம் மொளைக்க ஆரம்பிச்சிட்டு, எல்லாம் மாதா கிருபை, நீ ஒண்ணுக்கும் வெசனப்படாத." வாயில் நுரையோடு நின்றாள். திரும்பப் போட்டாள். முடியெல்லாம் மொளைக்க ஆரம்பிச்சிட்டு. மொளைக்க வேண்டுமென்றால் முதலில் கொட்டியிருக்க வேண்டும். கொட்ட வேண்டுமென்றால். அதற்குள் அவள் விரல் அப்பாவை அழைத்திருந்தது. துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் நாள் முழுக்கச் சத்தம் போட்டுப் பேசுகிற அப்பா, குரலே எழும்பாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். நவம்பரில் கட்டி தெரிந்தது, கிறிஸ்துமஸுக்கு முன்னால் மார்பை எடுத்தார்கள், ஜனவரியிலிருந்து மே மாதம் வரைக்கும் மதுரைக்குப் போய்ப்போய் ஊசி ஏற்றினார்கள், இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, டாக்டரே சொல்லிவிட்டார், யோஸ்டுக்கு அப்போதே தெரியப்படுத்திவிட்டோம். அம்மாவிடம் கொடுங்கள் என்றாள். கோவிலுக்குப் போயிருக்கா என்றார். இந்தப் பத்து மாதமும் அப்பா கோவிலுக்குப் போயிருக்கா என்று சொன்னதில் எது கோவில், எது ஆஸ்பத்திரி என்று இனிமேல் யார் பிரித்துச் சொல்வது. நுரையைத் துப்பிவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். மரிட் காபி போட்டுக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரியுமா என்று கேட்டாள், எது என்றுகூடச் சொல்லவில்லை. மரிட் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுத் தெரியும் என்றாள்.

அணை தொடங்கியது. மரிட் பக்கம் ஏரி, வெயிலில் தகரம் போலக் கிடந்தது. இவள் பக்கம் புல் மூடிய மேடு, அதற்கு அப்பால் கடல், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. நேர் ரோடு, வளைவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு யாராவது தலைக்குக் குளிப்பார்களா. அதுதான் திரும்பத் திரும்ப வந்தது. இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டுகளை மெஷினில் அடுக்கிவிட்டு மாடிக்குப் போய் வீட்டுக்குப் பேசுவாள், அங்கே ஐந்து மணி இருக்கும், அம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வருவாள். அந்த நீலத் துண்டு. இப்பதான் மக்கா தலைக்குக் குளிச்சேன். ஜனவரி கடைசியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் குளித்தாள். காலைப் பூசைக்குப் போகுமுன் விடிகாலையிலேயே குளித்து, ஈரத்தலையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு, இவளையும் எழுப்பித் தலையில் தண்ணீரை ஊற்றி இழுத்துக்கொண்டு போகிற அம்மா. பதினேழு வருஷம் அந்த வீட்டில் இருந்தவளுக்கு இது உறைக்கவில்லை. அம்மா கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், மூக்கும் கண்ணும் மட்டும் தெரிந்தது, ஒழுங்காப் பிடி அம்மா என்று இவள் கத்தினாள், எனக்கு இந்தப் போனெல்லாம் எங்க தெரியுது என்றாள் அவள், பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், மொபைலில் வகுப்பே எடுத்தவள். இவள் அதையும் நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது. பிப்ரவரியில் ஒரு ஞாயிறு அம்மா பேசவே இல்லை, ம், ம் என்றே இருந்தாள். வாயெல்லாம் புண்ணாகியிருந்தது என்று அப்பா காலையில் சொன்னார். அன்றைக்கு இவள் சொன்னது என்ன. ஒண்ணுமே பேச மாட்டேங்க, ஒன்கிட்ட பேசினா போரடிக்கும்மா. சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கீழே தெருவில் தோழிகள் சைக்கிளோடு நின்றிருந்தார்கள்.

யோஸ்ட் முதல் முகாமில் பலகையில் இரண்டு வட்டம் வரைந்தார். சின்ன வட்டத்துக்குள் ஒரு ஆள், அதுதான் நீங்கள், பழகின வீடு, பழகின சாப்பாடு. பெரிய வட்டம் வெளியே, வளர்ச்சி அங்கேதான் இருக்கிறது, பயமாக இருந்தால் நல்லது, பயம் வருகிற இடத்தில்தான் வளர்கிறீர்கள். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். இவளும் எழுதிக்கொண்டாள், ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் வேறு அடித்தாள். அந்தச் சின்ன வட்டத்துக்குள் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு என்ன ஆகும் என்று அந்தப் பலகையில் எங்கேயும் வரையவில்லை. அவர்கள் அப்படியே அசையாமல் இருப்பார்கள், நீ போய் வளர்ந்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம். அவளுக்குக் கோபம் யோஸ்ட்மேல்கூட இல்லை, அந்தச் சாக்பீஸ்மேல். மடத்தனமான கோபம். இன்று எல்லாக் கோபமும் மடத்தனமாகத்தான் வந்தது, கண்ணாடியில் சும்மா படுத்துக் கிடக்கிற வைப்பர்மேல், மரிட் கழுத்தில் கட்டியிருந்த புது ஸ்கார்ஃப்மேல். விழாவுக்கென்று கட்டியிருக்கிறாள். இவளும்தான் புது டாப்ஸ் போட்டிருக்கிறாள். அதையும் அம்மாதான் கூரியரில் அனுப்பினாள், மே மாதம். மே மாதம் கடைசி ஊசி. அப்படியென்றால் எந்த நாளில் கடைக்குப் போனாள், எப்படிப் படியேறினாள், துணியைத் தடவிப் பார்த்தபோது கை மரத்திருந்ததா. விரலெல்லாம் மரத்துப் போச்சு என்று அப்பா சொன்னாரே.

ஆனால் இந்தக் குளிர்காலம் நன்றாக இருந்தது. ஜனவரியில் வாய்க்கால் உறைந்தது. மரிட் சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பனிக்கட்டிமேல் வைத்து, இதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போ, இங்கே குழந்தைகள் இப்படித்தான் சறுக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்றாள். இவள் விழுந்தாள், எழுந்தாள், விழுந்தாள், கடைசியில் நாற்காலியை விட்டுவிட்டு வாய்க்காலின் வளைவு வரைக்கும் தனியாகப் போனாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன்னால் இருந்ததில்லை. வீடியோ எடுத்து அனுப்பினாள். அம்மா உடனே பார்த்துவிட்டுச் சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டாள். மதுரையில் அந்த ஆஸ்பத்திரி அறையில் ஊசியோடு படுத்துக்கொண்டு போட்டாளா. வந்த புதிதில் யாராவது கேள்வி கேட்டால் ரெக்சிலினுக்கு வாயிலிருந்து வெறும் காற்றுதான் வரும். பிறகு டச்சு வந்தது. துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகும் என்று தெரிந்த நாளில், அட, இது நம்ம தமிழ் மாதிரி என்று மளமளவென்று பேச ஆரம்பித்தாள். வகுப்பில் வாத்தியாரிடம் நீங்கள் சொல்வது சரியில்லை என்று சொன்னாள். தன்னைவிட இரண்டு மடங்கு வயதானவர்களைப் பெயர் சொல்லி, நீ என்று பேசப் பழகினாள். வளர்ந்தாள்தான். யோஸ்ட் சொன்னது பொய் இல்லை. அந்த வளர்ந்த பெண்ணை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அம்மாவுக்கு ஒவ்வொரு கொத்தாக முடி கொட்டக்கொட்ட இங்கே இவள் ஒவ்வொரு அங்குலமாக வளர்ந்தாள் என்றால், இந்தப் பெண்ணை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது.

அதோடு நிற்கவில்லை. பின்னால் போய்ப்போய் ஒவ்வொரு ஞாபகமாகக் கெட்டுக்கொண்டே வந்தது. டிசம்பரில் ஒரு சாயங்காலம், சைக்கிளை உள்ளே வைத்துவிட்டு வந்தவளை மரிட் காரணமே இல்லாமல் கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடிக்கிற ஆள் இல்லை மரிட். பிடிவாதமாக நல்லவளாக இருந்து, தட்டுக் கழுவி, குப்பையைத் தரம் பிரித்து, கடைசியில் மரிட் மனதில் இடம் பிடித்துவிட்டோம் என்று அன்று ராத்திரி சந்தோஷப்பட்டுப் படுத்தாள். அது இவளுக்குக் கிடைத்தது இல்லை. அம்மாவின் மார்புக்குக் கிடைத்தது. தேங்காய்ப்பால் டப்பா வாங்கி வந்து மரிட் சோறு வடித்த நாள், ஊரில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று யோஸ்ட் போனில் இரண்டு தடவை கேட்ட நாள், பிறந்தநாளுக்கு மரிட் கேக்கின்மேல் தூத்துக்குடி என்று தமிழில் எழுத முயன்று எழுத்துகளைக் கோணிக்கோணி வைத்த நாள். எல்லாவற்றுக்கும் அடியில் வேறு ஒன்று இருந்திருக்கிறது. ஒரு வருஷமாக எல்லாரும் சேர்ந்து அவளை ஒரு குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள், அவளோ தானே நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மார்ச்சிலேயே பதினெட்டு ஆகிவிட்டது" என்றாள். சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. டச்சில்தான் வந்தது.

"தெரியும்" என்றாள் மரிட். "கேக் செய்தேனே."

"அப்படியென்றால் அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும்."

மரிட் ஒரு லாரியைத் தாண்டினாள். "அன்றைக்கு உன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். உன் மகளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, இப்போதாவது சொல்லட்டுமா என்று. வேண்டாம் என்றாள். அது அவள் உடம்பு. அவள் செய்தி. நான் எடுத்துக் கொடுக்க முடியாது."

"நான் அவள் மகள்."

"ஆமாம்."

"தெரிந்திருந்தால் நான் போயிருப்பேன்."

அந்த வாக்கியம் வாயிலிருந்து போன கையோடு ரெக்சிலினுக்கே அது கனமில்லாமல் கேட்டது. போயிருப்பேனா. டிசம்பரில் சொல்லியிருந்தால் போயிருப்பாள், அழுதுகொண்டே பெட்டி கட்டியிருப்பாள். ஜனவரியில் சொல்லியிருந்தால், வாய்க்கால் உறைந்த வாரத்தில் சொல்லியிருந்தால். அம்மாவே நீ வர வேண்டாம் என்று சொல்லியிருப்பாள், சரி என்று கேட்டுக்கொள்கிற மகளாக இவள் இருந்திருப்பாளா, கேட்டுக்கொண்டது உள்ளுக்குள் நிம்மதியாக இருந்திருக்குமா. தெரியாது. இனி எப்போதும் தெரியாது. அவர்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான். அம்மாவின் வலியைப் பார்க்கிற உரிமையைக்கூட அல்ல, தான் எப்படிப்பட்டவள் என்று பார்த்துக்கொள்ள வாழ்க்கை நீட்டின ஒரே ஒரு சந்தர்ப்பத்தை, இவள் கைக்கு வருமுன் வழியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நல்லவளாக இருந்திருக்கலாம். கேவலமானவளாக இருந்திருக்கலாம். எதுவானாலும் அது அவளுடையது.

"வண்டியை நிறுத்து" என்றாள்.

அணையின் நடுவில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது, பக்கத்தில் வண்டிகள் நிறுத்த இடம். மரிட் அங்கே கொண்டுபோய் நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். ரெக்சிலின் இறங்கி ரோட்டுக்கு மேலே போகிற நடைபாலத்தில் ஏறி நின்றாள். அங்கிருந்து கடல் தெரிந்தது, தண்ணீர் வடிந்துபோன சேறும் சகதியுமாக, நம்ம ஊர்க் கடலின் சாயலே இல்லாமல். காற்று புது டாப்ஸைப் பிடித்து இழுத்தது. வீடியோ காலில் அம்மாவைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவதில் எடுத்தாள். நெற்றியும் கண்ணும் நீலத் துண்டும்.

"அம்மா, துண்ட எடு."

"அப்பா சொன்னாவ, காலைல கூப்புட்டியாமே. நான் அப்பவே கூப்புடணும்னு."

"துண்ட எடும்மா."

போன் எதன்மேலோ சாய்த்து வைக்கப்பட்டது. அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள், இரண்டு கையாலும் துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். சாம்பல் நிறத்தில் ஒட்ட வெட்டின மாதிரி முடி, உச்சியில் அடர்த்தியாகவும் காதோரத்தில் இல்லாமலும். அம்மாவின் காதுகள் இவ்வளவு பெரியவை என்று அவளுக்குத் தெரியாது. கம்மலும் இல்லை. அவள் பார்க்கட்டும் என்று அம்மா அசையாமல் இருந்தாள், தலையை இடமும் வலமுமாகத் திருப்பிக்கூடக் காட்டினாள், பிறகு நேராகப் பார்த்தாள். ரெக்சிலின் அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கோபம் அதற்கு இடம் விடவில்லை.

"ஏன் சொல்லல. நான் படிப்ப விட்டுட்டு வந்துருவேன்னா."

"அப்படித்தான் ஒங்கப்பாட்ட சொன்னேன். அந்த மரிட்டுட்டயும் அப்படித்தான் சொன்னேன். பிள்ள வாழ்க்க கெட்டுரும்னு." அம்மா துண்டை மடித்தாள், பிரித்தாள். "அது பொய் மக்கா. ஒனக்காவ இல்ல."

"பொறவு."

"இங்க எல்லாரும் என்ன ஒரு மாதிரியா பாத்தாவ. ஒங்கப்பா, அத்த, ஸ்டாஃப் ரூம்ல டீச்சர்மார். என் எதுக்க யாரும் சத்தமாப் பேசல. சோறு கொழஞ்சிருந்தாலும் நல்லாருக்குன்னாவ. ஒன் ஒருத்திக்குத்தான் தெரியாது. சைக்கிள் பஞ்சராயிட்டுன்னு நீ என்ட்ட எரிஞ்சு விழுவ. போன ஒழுங்காப் பிடின்னு கத்துவ. அந்த ஒரு மணி நேரம் நான் நானா இருந்தேன். அத விட மனசு வரல. அதுக்காவத்தான் மறச்சேன்."

கீழே லாரிகள் போய்க்கொண்டிருந்தன, பாலம் லேசாக அதிர்ந்தது. காலையிலிருந்து அவள் சேர்த்துச் சேர்த்து வைத்த சொற்களெல்லாம் இன்னொரு அம்மாவுக்கு, மகளுக்காகத் தன்னை ஒளித்துக்கொண்ட ஒரு தியாகிக்கு. இந்த அம்மாவுக்கு அவை பொருந்தவில்லை. இவள் எடுத்துக்கொண்டவள். மகளிடம் கேட்காமல், தனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டவள். அம்மா தனக்கென்று எதையாவது எடுத்துக்கொண்டதை ரெக்சிலின் இதற்கு முன் பார்த்ததில்லை. மீனில் நடுத்துண்டைக்கூட எடுக்க மாட்டாள். அதற்காக மன்னித்துவிட முடியுமா. முடியாது. புரிந்தது, அதனால் ஆறவில்லை.

"போரடிக்குன்னு சொன்னேன் ஒன்ட்ட" என்றாள். "அத நான் என்னம்மா செய்ய. எங்க கொண்டுபோய்ப் போட."

அம்மா யோசித்தாள். கணக்கில் ஒரு படி தவறியிருக்கிறதா என்று பார்க்கிற அதே முகம். "அத நான் யோசிக்கல" என்றாள். "எனக்கு வேணும்ங்கிறத மட்டுந்தான் யோசிச்சேன். அது தப்புதான்."

"எனக்கு ஒம்மேல கோவம் போகல."

"போக வேண்டாம். வந்து நேர்ல சண்ட போடு. என்ட்ட சண்ட போட ஆளில்லாம இருக்கு."

"போடத்தான் போறேன்" என்றாள் ரெக்சிலின். வைக்கிறேன் என்று சொல்லாமல் வைத்தாள்.

கொஞ்ச நேரம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கம்பி சில்லென்று இருந்தது. பிறகு இறங்கி வந்தாள். மரிட் வண்டிக்கு வெளியே நின்றிருந்தாள், காற்று அவள் ஸ்கார்ஃபை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, ஒதுக்கவில்லை. அழுதிருக்கிறாளா காற்றா என்று தெரியவில்லை, ரெக்சிலின் உற்றுப் பார்க்கவும் இல்லை.

"இங்கே வண்டியைத் திருப்பலாம்" என்றாள் மரிட். "வீட்டுக்குப் போகலாம் என்றால் போகலாம். யோஸ்டிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்."

"நீ யாரிடமும் எனக்காகச் சொல்ல வேண்டாம்."

"சரி."

"இப்போதும் நீ செய்தது சரி என்றுதான் நினைக்கிறாயா."

மரிட் ஸ்கார்ஃபைப் பிடித்துக் கோட்டுக்குள் சொருகினாள். "ஆமாம். உன் முகத்தைப் பார்த்தால் சரியில்லை என்று தோன்றுகிறது. அவளிடம் வாக்குக் கொடுத்ததை நினைத்தால் சரி என்று தோன்றுகிறது."

இந்த ஊர்க்காரர்களிடம் அவளுக்குப் பிடித்ததும் இதுதான், பிடிக்காததும் இதுதான். ரெக்சிலின் உள்ளே ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினாள். மன்னிப்புக் கேட்கவில்லை. பெல்ட்டைக் கழுத்திலிருந்து இழுத்துத் தோள்மேல் போட்டுக்கொண்டாள்.

"விழாவுக்குப் போ" என்றாள். "நான் பேசுகிறேன். எழுதி வைத்ததை இல்லை. இன்று காலையில் எனக்கு என்ன தெரியவந்தது என்று சொல்லப் போகிறேன். யாருக்கெல்லாம் முன்பே தெரியும் என்றும் சொல்வேன்."

"யோஸ்டுக்குப் பிடிக்காது."

"தெரியும்."

"எனக்கும் பிடிக்காது."

"தெரியும்."

மரிட் வண்டியை எடுத்தாள். அணை மறுபடி நேராக ஓடியது. ரெக்சிலின் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி டச்சு வார்த்தைகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தாள். பற்களைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்பது தாடை வலித்தபோதுதான் தெரிந்தது. மேடையில் அழக்கூடாது, கத்தவும் கூடாது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேச வேண்டும். முதல் வாக்கியம் கிடைத்துவிட்டது. இந்தக் குளிர்காலத்தில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன் என்று ஆரம்பிக்க வேண்டும். அதை மறைக்கக்கூடாது, அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அடுத்த வாக்கியம் இன்னும் வரவில்லை. அணை முடிய வழி இருந்தது.